மேட்டுக்காட்டுக் குழியும் ஹின்டர்மாட் மனுவும்

ஹின்டர்மாட், சுவிட்சர்லாந்து
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் காலத்தில் எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். போனில் மாதையன் பெயரை எடுத்தாலே கட் செய்துவிடுகிறீர்கள். கேஸ் சமாசாரத்தைப் போனில் பேசக் கூடாது என்று வக்கீல் அன்றைக்குச் சொன்னதை இன்னமும் காப்பாற்றுகிறீர்கள் என்று அண்ணி சொன்னார். கடிதத்தைக் கட் செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு பக்கமாவது படிக்காமல் இருக்க மாட்டீர்கள், என் அண்ணனை எனக்குத் தெரியும்.

நானும் ஈஸ்வரும் தீபிகாவையும் சேர்த்துக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறோம். வந்து பதினொரு வருடம் ஆகிறதல்லவா. நமக்குப் பாஸ்போர்ட் என்றால் டெல்லி சர்க்கார் கொடுப்பது. இங்கே முதலில் ஊர் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிறகு கான்டன் என்கிற மாநிலம், அதற்கும் மேல் நாடு. மூன்றும் சம்மதித்தால்தான் ஆள் சுவிஸ்காரர். அதில் ஊர்தான் கஷ்டமானது. ஜூன் 13ஆம் தேதி பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்கூட்டம். பால்காரரும் பேக்கரிக்காரியும் தீபிகாவின் டீச்சரும் கை தூக்கி எங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள். நம்மூர் கிராமசபை மாதிரி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதில்லை. தூக்கிய கையை நிஜமாகவே எண்ணுகிறார்கள்.

பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. மத்திய மந்திரிகள் எத்தனை பேர்? ஏழு. ஜனாதிபதி யார்? அந்த ஏழு பேரில் வருடத்துக்கு ஒருவர், மற்ற ஆறு பேரை மிரட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. 1847இல் கான்டன்கள் தங்களுக்குள் போட்ட சண்டை எத்தனை நாள்? ஒரு மாதம்கூட இல்லை, மறுவருடமே உட்கார்ந்து அரசியல் சாசனம் எழுதிவிட்டார்கள். இதெல்லாம் சரியாகவே எழுதினேன்.

நின்றுபோனது கடைசித் தாளில். இந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ, இனியும் வழக்கு வரக்கூடிய குற்றம் எதையும் நான் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரமாக அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருமுறை என் கையால் எழுதிப் பார்க்கிறேன். 2013 மார்ச். நம் மேட்டுக்காட்டு நிலத்தில் உங்கள் போர்வெல் ரிக்கு வண்டி எண்ணூற்று இருபது அடி ஓட்டியும் புழுதிதான் வந்தது. தண்ணீர் வராத போரிலிருந்து கேசிங் பைப்பை உருவி அடுத்த போருக்கு இறக்குவது உங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. பைப் போனதும் குழியின் வாய் சரிந்து அகலமாகும். அதன்மேல் ஒரு சாக்கையும் நாலு முள்ளையும் போட்டிருந்தது. மறுநாள் காலை குச்சிக்கிழங்கு பிடுங்கக் கூலிக்கு வந்த சின்னாயியின் மகள் இலக்கியா அதில் விழுந்துவிட்டாள். நாலு வயது. இருபத்தாறு அடியில் தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டு பதினொரு மணி நேரம் நின்றாள், உயிரோடு வரவில்லை.

"மூடி போட்டுவிட்டு வா என்று என் அண்ணன் டிரில்லர் மாதையனிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்" என்று ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலும் சொன்னேன். போர் போட்ட அந்தச் சாயங்காலம் நான் காட்டிலேயே இல்லை, காலேஜ் லேபில் இருந்தேன். மாதையனுக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. எனக்குக் கல்யாணமாகி சூரிக்குக்கு டிக்கெட் கிடைத்தது.

அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று சாயங்காலம் நீங்கள் மாதையனிடம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் தங்கை,
சௌமியா


திருச்செங்கோடு
2.3.2025

தங்கச்சி சௌமியாவுக்கு அண்ணன் காளியண்ணன் எழுதுவது.

கடிதம் வந்தது. ஸ்டாம்பை ஷாலினி வெட்டி எடுத்துக்கொண்டாள். கல்யாண வயசாகியும் ஸ்டாம்பு சேர்க்கிறாள். மகளுக்கு ஆவணியில் தேதி வைத்திருக்கிறோம், மாப்பிள்ளை ராசிபுரம். உனக்கு முறைப்படி பத்திரிகை வரும்.

உன் நாட்டைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஏழு பேர் மந்திரி, தலைவர் வருடத்துக்கு ஒருத்தர், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஊர். எனக்கு ஒன்று விளங்கவில்லை. ரோட்டில் பள்ளம் விழுந்தால் யாரைத் திட்டுவீர்கள்? இங்கே எங்களுக்கு அந்தச் சிரமமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். பால்காரன் கை தூக்கித்தான் நீ அந்த ஊர்க்காரி ஆக வேண்டுமென்றால் அந்தப் பால்காரனிடம் ஒரு லிட்டர் சேர்த்து வாங்கு, வேலை முடியும்.

அந்தத் தாளில் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. உன்னை யாரும் தேடவில்லை. தேடாத ஆளிடம் நான்தான் நான்தான் என்று போய் நிற்பது படித்தவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி.

நீ கேட்டதற்குப் பதில்: மூடி போடச் சொன்னேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் மனசு கல் என்று நினைக்காதே. அதற்குப் பிறகு என் வண்டி ஓட்டின எந்தப் போரும் திறந்து கிடந்ததில்லை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இரும்பு மூடி அடித்து வெல்டு வைத்த பிறகுதான் வண்டி நகரும். போன வருடம் ரிக்குக்காரர்கள் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் ஒருவர், காளியண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஒரு ராடு இருபது அடி என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது ராடு இறங்கும்போது, இருபத்தாறு அடி அதில்தான் வரும், நான் வண்டிப் பக்கம் நிற்பதில்லை. ரோட்டுக்குப் போய் நின்றுகொள்வேன். பையன்கள், முதலாளி பீடி குடிக்கப் போகிறார் என்று சிரிப்பார்கள். நான் பீடியை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

மாதையன் பெயரை இனி எழுதாதே.

காளியண்ணன்


ஹின்டர்மாட்
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

பள்ளத்துக்கு யாரைத் திட்டுவது என்று கேட்டீர்கள். இந்த நாட்டுக்காரர்களே அதைக் கேட்டுத் திணறிய ஒரு விஷயம் இருக்கிறது. பரீட்சைப் புத்தகத்தில் அதற்கு அரைப்பக்கம்தான்.

இங்கே முன்பெல்லாம் அப்பா அம்மா இல்லாத குழந்தை, ஏழைக் குழந்தை, கல்யாணமாகாதவளுக்குப் பிறந்த குழந்தை எல்லாம் ஊரின் பொறுப்பு. ஊர் என்ன செய்தது தெரியுமா? ஏலம் விட்டது. இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஊரிடமிருந்து யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்குப் பிள்ளை. அவர் மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்து விடியும்முன் எழுப்பி வேலை வாங்குவார். ஏலம் நின்றுபோன பிறகும் பிள்ளைகளை அப்படிப் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நிற்கவில்லை. நம் அப்பா வாலிபராக இருந்த காலம்வரைகூட நடந்திருக்கிறது. பெண்களுக்கு 1971 வரைக்கும் நாட்டுத் தேர்தலில் ஓட்டே கிடையாது, அதனால் கூட்டத்தில் தூக்கப்பட்ட கையெல்லாம் ஆண்களின் கை.

பிற்பாடு அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி வந்து கேட்டபோது, அது கான்டனின் விவகாரம் என்றது நாடு. அது ஊரின் அதிகாரம் என்றது கான்டன். அது அந்தக் காலத்து வழக்கம் என்றது ஊர். நாட்டின் சார்பில் ஒரு மந்திரி எழுந்து மன்னிப்புக் கேட்டது 2013 ஏப்ரலில். தேதியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மாதம் நான் திருச்செங்கோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் வெர்னர் என்று ஒருவர், எழுபத்தொன்பது வயது, சிடுசிடுப்பு. ஆறு வயதில் இதே ஹின்டர்மாட் அவரைப் பண்ணைக்குக் கொடுத்தது. ஊரை விட்டுப் போகவும் இல்லை, ஊரோடு பேசவும் இல்லை. கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். குடியுரிமை கேட்டு நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இந்த ஊர் ஒரு தப்புப் பண்ணினால் எழுந்து நின்று சொல்வீர்களா?" எல்லோரும் நிச்சயமாகச் சொல்வோம் என்பார்கள். அவர் உட்கார்ந்துவிடுவார். எவருக்கும் அவர் கை தூக்கியதில்லையாம்.

அண்ணா, அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வேன்?

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். இங்கே ஒவ்வொருவருக்கும் பதுங்கு அறையில் இடம் இருக்க வேண்டும் என்பது சட்டம், போர் வந்தால் ஒளிந்துகொள்ள. எங்கள் வீட்டுக்கடியிலும் இருக்கிறது, உருளைக்கிழங்கு மூட்டை வைத்திருக்கிறோம். போன ஞாயிறு பட்டப்பகலில் தீபிகா விளையாட்டாக அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திறக்கத் தெரியாமல் கீழேயிருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். நான் படியின் மேலேயே நின்றேன். கால் இறங்கவில்லை. என் மகளின் குரல் எனக்கு வேறு குழந்தையின் குரலாகக் கேட்டது. தண்ணி, தண்ணி என்று கேட்டது. ஈஸ்வர் ஓடி வந்துதான் திறந்தார். தீபிகாவுக்கு இப்போது நாலு வயது.

நீங்கள் மூடி போடச் சொன்னேன் என்கிறீர்கள். சொன்னது உண்மையென்றால் அதைக் கேட்டதாகச் சொல்ல, கேட்காத என்னை ஏன் கூட்டிப் போனீர்கள்?

சௌமியா


திருச்செங்கோடு
18.4.2025

சௌமியா,

உன் கடிதத்தைக் கிழித்தேன். கிழித்ததை ஒட்டி மறுபடியும் படித்தேன். போதுமா?

கேட்டுக்கொள். நீ அங்கே உட்கார்ந்து வெள்ளைக்காரன் மன்னிப்புக் கேட்ட கதையை எழுதுகிறாய். அவன் மந்திரி, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். நான் கேட்டால் உள்ளே போவேன். ஷாலினி கல்யாணம் நிற்கும். எனக்குக் கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் ஊட்டில் உலை வைக்க வேண்டாமா? உனக்கு மனசு லேசாக வேண்டும் என்பதற்காக நாங்கள் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டுமா? அப்பா இருந்திருந்தால் உன்னை இப்படி எழுத விட்டிருக்க மாட்டார். கேஸில் சாட்சியாக உன் பெயரைச் சேர்க்கச் சொன்னதே அப்பாதான், படிச்ச புள்ள சொன்னா நம்புவாங்க என்றார்.

சரி. எழுதிவிடுகிறேன், இதோடு தொலையட்டும்.

பைப்பை உருவச் சொன்னது நான். மாதையன் உருவினான். வாய் சரிவதைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது ஆகாதுங்க. மண்ணக் கொட்டி மூடி வெச்சுட்டு வாரனுங்க, ஒரு மணி நேரம் குடுங்க"ன்னான். மல்லசமுத்திரத்தில் அடுத்த போருக்குப் பாயிண்ட் காத்திருந்தது. அங்கே தோட்டத்துக்காரர் தேங்காய் உடைத்துப் பூஜை போட்டுவிட்டு நான்கு தரம் போன் செய்துவிட்டார். நான் சொன்னேன், "நம்ம காடுதானடா, எவன் வரப் போறான்? சாக்கப் போட்டுட்டு வண்டில ஏறு." அவன் மறுபடியும் குழியைத் திரும்பிப் பார்த்தான். நான் ஹாரனை அடித்தேன். ஏறிவிட்டான்.

அவ்வளவுதான் அம்மிணி. ஒரு மணி நேரம்.

அடுத்தவன் காடாக இருந்திருந்தால் மூடியிருப்பேன். நம்ம காடு என்பதால்தான் விட்டேன். மறுநாள் கிழங்கு பிடுங்க ஆள் வரச் சொல்லியிருந்ததும் நான்தான். அது எனக்கு நினைவில் இல்லை. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், நிஜமாகவே நினைவில் இல்லை.

படித்ததும் கிழித்துவிடு. எரித்துவிடு.

கா.


ஹின்டர்மாட்
10 மே 2025

அன்புள்ள அண்ணா,

எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். அது உங்களுடையது.

நான் இந்த நாட்டின் சட்டத்தைப் படித்ததில் ஒன்று மனசில் ஒட்டிக்கொண்டது. ஊரால் செய்ய முடிந்ததை கான்டன் செய்யாது, கான்டனால் முடிந்ததை நாடு செய்யாது. அவரவர் படியில் அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் உங்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. என் கையெழுத்துக்கு நான் சொல்ல முடியும்.

ஊர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தியாவில் ஒரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னேன், ஒரு நிரபராதி சிறைக்குப் போனார், ஆகவே இந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று. உங்கள் பெயர் அதில் இல்லை. அந்த அலுவலகப் பெண் படித்துவிட்டு, இதை எழுத வேண்டிய அவசியமே இல்லையே, மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதுமே என்றார். எழுத வேண்டிய அவசியம் எனக்கு இருந்தது.

ஈஸ்வர் மூன்று நாளாகப் பேசவில்லை. கல்யாணத்துக்கு முன் நடந்ததை இத்தனை வருடம் கழித்து ஊர் ஆபீசில் வந்து தெரிந்துகொண்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்? பிறகு வந்து, நானும் தீபிகாவும் தனியாக மனுவை நடத்துகிறோம், நீ உன் வேலையை முடித்துக்கொண்டு வா என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆக அவர்கள் ஒரு நாட்டுக்காரர்கள், நான் ஒரு நாட்டுக்காரி. ஏர்போர்ட்டில் வேறு வேறு வரிசையில் நிற்போம்.

அண்ணா, மாதையனைப் போய்ப் பாருங்கள். கோர்ட்டும் வக்கீலும் இருக்கட்டும். முதலில் அவரிடம் போய், நீ மூட வேண்டும் என்றுதான் சொன்னாய் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாகும்முன் அந்த மனிதருக்கு அது வந்து சேர வேண்டும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சௌமியா


திருச்செங்கோடு
3.6.2025

அம்மிணி,

போனேன்.

மேச்சேரி தாண்டி உள்ளே ஐந்து கிலோமீட்டர். தம்பி ஊட்டை ஒட்டி ஓட்டுச்சாளையில் இருக்கிறான். சிறைக்குப் பிறகு ரிக்கு வேலைக்குப் போகவில்லை, செங்கல் சூளைக்குக் காவல் இருக்கிறான். என்னைவிட நான்கு வயது சின்னவன், பார்த்தால் அப்பா வயசு சொல்லலாம். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டேய் மாதையா, தப்பு என்னுதுடா. இவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு நங்கவள்ளியில் இறங்கி இரண்டு டீ குடித்தேன்.

கார் நின்றதும் எழுந்து வந்தான். அடையாளம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். நான் பதறிப்போனேன்.

"மொதலாளி, நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. நான்தான் வந்து பாக்கோணும், மொகம் இல்லீங்க எனக்கு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க மூடி போட்டுட்டு வாடான்னு. நான்தான் போடாம வந்துட்டனுங்க. உங்க பேரக் கெடுத்துப்போட்டனுங்க"ன்னு அழுகிறான்.

நடிக்கவில்லை சௌமியா. எனக்கு ஆளைத் தெரியும், எட்டு வருடம் என் வண்டியில் ஓட்டினவன். ஸ்டேஷனில் சொல்லி, கோர்ட்டில் சொல்லி, நீ சொல்லி, நான் சொல்லி, உள்ளே ஒன்றரை வருடம் தினம் தனக்குத் தானே சொல்லி, அவனுக்கு அப்படியே நினைவாகிவிட்டது. மூடுகிறேன் என்று அவன் சொன்னது போய்விட்டது. நான் ஹாரன் அடித்தது போய்விட்டது. நான் எந்தக் கை நீட்டி மூடச் சொன்னேன் என்பதைக்கூடக் காட்டினான். நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிறான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். தோளைத் தட்டி, விடுறா நடந்தது நடந்துபோச்சு என்றேன். வாங்கிப் போன பழத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், என்னைக் காறித் துப்பு. அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அவனே சொல்லிவிட்டான், இனி யார் வந்து என்ன சொன்னாலும் நிற்காது என்று நினைத்தேன். ஓமலூர் வந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

காளியண்ணன்


ஹின்டர்மாட்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஊர்க்கூட்டத்துக்குப் போய் வந்திருந்தேன். காறித் துப்பச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்ட மறுவாரம் ஈரோட்டில் கல்யாணப் புடவை எடுத்தவள் நான், எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

கூட்டத்தில் ஓட்டில்லாதவர்களுக்கு ஓரமாகத் தனி பெஞ்சு. அதில் நானும் செய்தித்தாள்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். ஈஸ்வரும் தீபிகாவும் முன்னால் நின்றார்கள். மனைவி ஏன் மனுவில் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்க மாட்டார்கள், அதுவும் இந்த ஊர்ப் பண்பு. வெர்னர் எழுந்து எப்போதும் கேட்பதைக் கேட்டார். ஈஸ்வர் சொல்வேன் என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தெட்டுக் கை எழுந்தது. அத்தனை கையைப் பார்த்த தீபிகா தானும் கையைத் தூக்கிக்கொண்டு, தூக்கலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஹால் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வெர்னரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் கேட்டு முடித்துவிட்டு, "என்னிடம் ஏன் சொல்கிறாய்? குழி என் தோட்டத்திலா இருக்கிறது?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. ஆகஸ்ட் 11ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் பொய்ச்சாட்சி சொன்னதை எழுதித் தூதரகத்தில் சான்று வாங்கி வைத்திருக்கிறேன், வந்து கோர்ட்டில் நானே கொடுப்பேன். எனக்கு என்ன கொடுக்கிறார்களோ கொடுக்கட்டும்.

ஆனால் அண்ணா, மாதையனுக்கு என் தாள் போதாது. நான்தான் அங்கே இல்லையே. அவர் சொன்ன வார்த்தையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனிதர் செய்யாத பாவத்தோடு செத்துப்போவார். நாம் அவரிடமிருந்து ஒன்றரை வருடத்தை மட்டும் எடுக்கவில்லை, மூடுகிறேன் என்று சொன்ன மனிதரையே எடுத்துக்கொண்டுவிட்டோம். இன்னொரு முறை போங்கள்.

சௌமியா


திருச்செங்கோடு
26.7.2025

அம்மிணி சௌமியாவுக்கு,

ராசிபுரம் போய்ச் சம்பந்தி ஊட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஷாலினி என்னோடு பேசவில்லை, ஆனால் சோறு போட்டுக் கொடுத்தாள். வக்கீல் என்னைக் கிறுக்கன் என்கிறார். நடந்ததைச் சொல்லி என் மனுவையும் அவரிடமே எழுதி வாங்கிவிட்டேன், நீ வந்ததும் உன்னுடையதோடு சேர்த்துக் கோர்ட்டில் கொடுக்கலாம். சின்னாயி குமாரபாளையத்தில் தறிக்குப் போகிறாளாம். அந்த வாசலுக்குப் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை. நீ வந்ததும் சேர்ந்து போகலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதையனிடம் போனேன். இந்தத் தடவை டீக்கு நிறுத்தவில்லை.

உட்கார வைத்துச் சொன்னேன். நம்பவில்லை. "இல்லீங்க மொதலாளி, நீங்க பெரிய மனசு, என்ற பாவத்த நீங்க ஏன் தூக்கோணும்"னான். மறுபடி சொன்னேன். மண்ணைக் கொட்டி மூடுகிறேன் என்று நீதான் சொன்னாய், ஒரு மணி நேரம் கேட்டாய் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மல்லசமுத்திரத்துக்காரர் போன் செய்ததைச் சொன்னேன், நீ குழியைத் திரும்பிப் பார்த்தாய் என்றேன். "ஹாரனடிச்சேன் மாதையா, நீ பயந்துட்டு ஓடி வந்து ஏறுன. சாக்கு மேல வெக்க முள்ளு வெட்டறப்ப உங்கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, வண்டித் துணியக் கட்டிக்கிட்ட"ன்னேன்.

அதில் நின்றுவிட்டான். கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் மூடறேன்னு சொன்னனுங்களா?" என்று கேட்டான்.

"சொன்ன."

"நெசமாவே சொன்னனுங்களா?"

"சாமி சத்தியமாச் சொன்ன."

பிறகு கேட்டான், கோபமே இல்லாமல் கேட்டான்: "அப்ப பன்னண்டு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தப் புள்ள பேருக்கு ஒரு டம்ளர் தண்ணி வெச்சு, மன்னிச்சுக்க சாமின்னு நான் எதுக்குங்க கேட்டுக்கிட்டிருந்தேன்?"

எழுந்து உள்ளே போனான். போன ஆள் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். "இனிமே நீங்க வெய்யுங்க"ன்னு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நேற்று வெள்ளிக்கிழமை. மேட்டுக்காட்டுக்குப் போய் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், வரவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

நீ சீக்கிரம் வா.

அண்ணன்
காளியண்ணன்